ரசீது இல்லாத தொகை

சோழர் காலக் கல்வெட்டுகளில் வரிகளின் பெயர்கள் வரிசையாக வருகின்றன: தறியிறை, செக்கிறை, தட்டாரப்பாட்டம், வண்ணாரப்பாறை, கண்ணாலக்காணம். தறி வைத்திருந்தவர், செக்கு ஆட்டியவர், பொன்வேலை செய்தவர், துணி வெளுத்தவர், கல்யாணம் செய்துகொண்டவர் என்று ஒவ்வொருவரிடமும் அரசு எதற்காகக் கை நீட்டியது என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன. மெய்க்கீர்த்தியைப் படித்தால் அரசன் தன்னை எப்படிக் காட்ட விரும்பினான் என்பது தெரியும். வரிப்பட்டியலைப் படித்தால் அவன் குடிகளை எப்படிப் பார்த்தான் என்பது தெரியும். தமிழ்த் துறைகளில் நாம் இரண்டையும் படிக்கிறோம். சமூக வரலாறு எழுத உட்காரும்போது இரண்டாவதையே அதிகம் நம்புகிறோம்.

நம் காலத்து அரசுகளும் பட்டியல்கள் வெளியிடுகின்றன. வெளிநாட்டில் வேலை செய்ய விண்ணப்பிக்கும் ஒருவர் கட்ட வேண்டிய கட்டணங்களின் பட்டியல் அவற்றில் ஒன்று. அனுப்பும் நாடு ஒன்று வைத்திருக்கிறது, ஏற்கும் நாடு ஒன்று வைத்திருக்கிறது. ஏஜெண்டுகளும் நாளிதழ்களும் அவற்றைப் பார்ப்பது 'எவ்வளவு ஆகும்', 'எவ்வளவு ஏறியது' என்று தெரிந்துகொள்ள. 2025 செப்டம்பர் 19 அன்று எச்-1பி விசாவுக்கான புதிய மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் என்று அமெரிக்க அதிபர் அறிவித்தபோது இங்கே எழுந்த பேச்சு முழுவதும் ஐ.டி. இளைஞர்களின் எதிர்காலம் பற்றியது. அந்த இளைஞர் ஆண்தான் என்று யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

இந்தக் கட்டுரை கட்டணப் பட்டியலை ஒரு பிரதியாக வாசிக்கிறது. அது யாரை நோக்கிப் பேசுகிறது? ரசீது யார் பெயரில் வருகிறது? எந்தத் தொகையைப் பற்றி அது வாய் திறப்பதில்லை? பட்டியல்களில் 'பெண்ணுக்கு இவ்வளவு' என்ற தனிக் கலம் கிடையாது. 'விண்ணப்பதாரர்' என்ற பால் தெரியாத சொல்தான் இருக்கிறது. ஆனால் பட்டியலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் நிபந்தனைகளையும் சேர்த்துப் படித்தால் அந்தச் சொல்லுக்கு உள்ளே மூன்று பெண்கள் தெரிகிறார்கள்: காக்கப்பட வேண்டியவள், செலவில்லாமல் போகிறவள், சார்ந்து வாழ்பவள். தன் முடிவில், தன் பெயரில் வேலைக்குப் போகும் தொழிலாளியாக அவள் இந்த மூன்றில் எதிலும் இல்லை. அரசு எழுதிவைத்த கட்டணம் சிறியதாக இருக்கும் இடத்தில்கூடப் பெண் கொடுக்கும் விலை பெரிதாவது இதனால்தான்.

*

எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்பதிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க வேலை விசாவுக்கு இங்குள்ள துணைத்தூதரகத்தில் கட்டும் விண்ணப்பக் கட்டணம் 205 டாலர். ஆணுக்கும் அதே, பெண்ணுக்கும் அதே. விசா மறுக்கப்பட்டால் அது திரும்ப வராது. பிரிட்டனிலும் மறுக்கப்பட்ட விண்ணப்பத்தின் கட்டணம் போனது போனதுதான். இதைவிடச் சமத்துவம் வேண்டுமா என்று கேட்கத் தோன்றும்.

ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்று பட்டியல் கேட்பதில்லை, நாம் கேட்கலாம். மகனுக்கு விசா என்றால் வீட்டுப் பத்திரம் வெளியே வருகிறது, மாமன் கை கொடுக்கிறார், அது முதலீடு என்று பேசப்படுகிறது. மகளுக்கோ மருமகளுக்கோ என்றால் அவளுடைய நகை அடகுக் கடைக்குப் போகிறது. நகை என்பது நம் குடும்பங்களில் பெரும்பாலான பெண்களுக்குத் தன் பெயரில் என்று சொல்லிக்கொள்ள இருக்கும் ஒரே சொத்து. நகை இல்லாதவள் மகளிர் குழுவில் கடன் வாங்குகிறாள்; வாரத் தவணைக்குப் பத்துப் பெண்கள் சாட்சி. விசா மறுக்கப்பட்டால் மகனுக்கு நேரம் சரியில்லை. மகளுக்கு? 'இருந்ததையும் தொலைச்சுட்டு வந்து நிக்கிறா.' ஒரே 205 டாலர்தான். அதன் கனம் ஒன்றல்ல.

இந்தக் கனம் நம் இலக்கண மரபிலேயே தொடங்குகிறது. பொருள் தேடிப் பிரிந்து போவதற்கு அகத்திணை மரபு பொருள்வயிற் பிரிவு என்று பெயர் வைத்தது. போகிறவன் தலைவன், காத்திருப்பவள் தலைவி. கடல் கடந்து போகும் வழக்கத்தில் பெண்ணுக்கு இடமில்லை என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியல் தெளிவாகவே சொல்லிவிடுகிறது. இந்தப் பகுதியை நடத்திக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "தலைவி சம்பாதிக்கப் போனா அதுக்குப் பேர் என்ன மேடம்?" அவள் அம்மா அப்போது மஸ்கட்டில் வீட்டு வேலையில் இருந்தார். இலக்கணம் பெயர் வைக்கவில்லை. நம் நவீனக் கதைகளிலும் விசாவுக்காக நிலத்தை விற்றுப் போகிறவன் பெரும்பாலும் மகன்தான். பெண் கடிதத்துக்குக் காத்திருக்கும் மனைவியாகவே நிறைய வந்திருக்கிறாள். பெயர் இல்லாததை மரபு விலக்கி வைக்கிறது. அரசு அதையே விதியாக எழுதுகிறது.

*

இந்தியாவின் குடிபெயர்வுச் சட்டம் 1983இல் வந்தது. பத்தாம் வகுப்புத் தேறாதவர் வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். செலவைப் பார்த்தால் மலிவு. அனுமதிக்கான கட்டணம் 200 ரூபாய். பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி. கட்டாயக் காப்பீடான பிரவாசி பாரதிய பீமா யோஜனாவுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய். விபத்தில் நேரும் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் வரை காப்பீடு. பெண்களுக்குப் பிரசவச் செலவும் உண்டு. எழுதிவைத்தபடி நடந்தால் குறை சொல்ல அதிகமில்லை.

நிபந்தனைக்கு வருவோம். இந்த 18 நாடுகளுக்குப் போகும், பத்தாம் வகுப்புத் தேறாத பெண்ணுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். அதே படிப்புள்ள ஆணுக்கு இந்த வரம்பு இல்லை. அரசியல் சட்டப்படி மக்களவை உறுப்பினராக 25 வயது போதும். மாநிலங்களவைக்கு 30 வேண்டும். ஆக, குவைத்தில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவப் போவதற்கு, மாநிலங்களவையில் அமர்வதற்குத் தேவையான முதிர்ச்சியை ஒரு பெண்ணிடம் இந்த நாடு எதிர்பார்க்கிறது. 2016 ஆகஸ்ட் முதல் இன்னொரு விதி: இத்தகைய பெண்களை அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் வேலைக்கு எடுக்கலாம். தமிழ்நாட்டில் அது அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், அலுவலகம் சென்னையில்.

இந்த விதிகளின் பின்னே உண்மையான துயரங்கள் இருந்தன. அடித்து நொறுக்கப்பட்ட பெண்கள், சம்பளமே பார்க்காமல் ஆண்டுகளைக் கழித்த பெண்கள், தூதரக வாசலில் வந்து விழுந்த பெண்கள். அரசு ஏதாவது செய்ய வேண்டும் என்று கேட்டவர்களில் பெண்ணியவாதிகளும் இருந்தார்கள். கேள்வி, அரசு யாரைக் கட்டுப்படுத்தியது என்பதுதான். சம்பளம் தராத முதலாளியைக் கட்டுப்படுத்துவது கடினம். அவன் வேறு நாட்டில் இருக்கிறான். தேவகோட்டையிலிருந்தோ கடையநல்லூரிலிருந்தோ கிளம்பும் பெண்ணைக் கட்டுப்படுத்துவது எளிது. விமான நிலையத்தில் நிறுத்திவிடலாம்.

நிறுத்தினால் அவள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுகிறாளா? வீட்டில் கடன் இருக்கிறது. அதுதான் அவளைக் கிளப்பியதே. அவள் சுற்றுலா விசாவில் போகிறாள். அங்கே போய் வேலை விசாவுக்கு மாற்றித் தருவதாக ஏஜெண்ட் சொல்கிறார். இப்போது அவளிடம் 200 ரூபாய் அனுமதி இல்லை, 275 ரூபாய் காப்பீடு இல்லை, 30,000 ரூபாய் உச்சவரம்பும் இல்லை. உச்சவரம்பு என்பது வாசல் வழியாகப் போகிறவர்களுக்கு மட்டும். சுவர் ஏறிக் குதிப்பவளிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அவள் புகார் கொடுக்கவும் முடியாது, கொடுத்தால் முதலில் அவளே குற்றவாளி. காக்க வந்த விதி அவளைக் காப்புக்கு வெளியே தள்ளிவிட்டது. பிரசவத்துக்குப் பணம் தரும் காப்பீடு, பத்தாம் வகுப்புத் தேறாத பெண்ணுக்கு முப்பது வயதுக்குப் பிறகுதான் எட்டும் என்பதையும் கவனியுங்கள்.

எழுதிய தொகைக்கும் வாங்கிய தொகைக்கும் இடையே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் படித்த பெண்களின் வழக்கொன்றும் இருக்கிறது. 2015இல் கொச்சியில் மத்தியப் புலனாய்வுத் துறை பதிவுசெய்த வழக்கில், குவைத் சுகாதாரத் துறையில் வேலைக்குச் சென்ற செவிலியரிடம் சேவைக் கட்டணமாக 19,500 ரூபாய் வாங்குவதற்குப் பதில் தலைக்கு 19.5 லட்சம் வாங்கப்பட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. நூறு மடங்கு. அந்த ஆண்டே செவிலியரின் ஆள்சேர்ப்பும் அரசு நிறுவனங்களின் கைக்கு மாற்றப்பட்டது. பட்டியலில் இருந்த தொகைக்கு ரசீது உண்டு. மீதிக்கு இல்லை. பெண்களின் குடிபெயர்வை எழுத வேண்டுமானால் நாம் தேட வேண்டியது அந்த மீதியைத்தான்.

இந்த அனுமதியைத் தரும் அதிகாரியின் பதவிப் பெயர் குடிபெயர்வோர் பாதுகாவலர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றிய காலனியக் காலத்திலிருந்து வரும் பெயர் அது. அந்தக் கப்பல்களில் நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்று அரசே விதித்திருந்தது. பெண்கள் கிடைப்பது அரிது என்பதால் பெண்ணைப் பிடித்துத் தரும் ஆள்பிடிகாரருக்கு ஆணுக்குக் கிடைப்பதைவிடக் கூடுதல் தரகு கிடைத்தது. அன்று பெண்ணைப் போகச் சொல்லி விதி. இன்று போகாதே என்று விதி. இரண்டிலும் இடையில் நிற்கிற ஆளுக்குத்தான் லாபம்.

*

வயது வரம்பு எவ்வளவு தூரம் போகும் என்பதை இலங்கையின் கிழக்குக் கரைத் தமிழ் பேசும் பெண்கள் நம்மைவிட நன்றாக அறிவார்கள். மூதூரைச் சேர்ந்த ரிசானா நபீக் 2005 மே மாதம் சவூதி அரேபியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பிறப்புச் சான்றிதழின்படி வயது 17. கடவுச்சீட்டில் 23. போன சில வாரங்களில் அந்த வீட்டின் கைக்குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் அவள்மேல் விழுந்தது. 2007இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 அன்று அது நிறைவேற்றப்பட்டது. அவள் சிறுமி என்று உலகம் முழுவதிலுமிருந்து வாதாடினார்கள். கடவுச்சீட்டு அவள் சிறுமி இல்லை என்றது. அவளை வெளிநாட்டுக்கு அனுப்பித் தருவதற்காக யாரோ போட்ட கள்ள வயது, அவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே உண்மையை அழித்துவிட்டது.

இதற்குப் பிறகு இலங்கை அரசு என்ன செய்தது? சவூதிக்குப் போகும் பணிப்பெண்ணின் குறைந்தபட்ச வயதை 25 ஆக்கியது. அதே 2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குக் கீழ் குழந்தை இருந்தால் தாய் போக முடியாது என்று அப்போது விதித்தது. கணவரின் ஒப்புதல் வேண்டும். உள்ளூர் அதிகாரிகள் கையொப்பம் வேண்டும். தந்தையர் போவதற்கு இப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. ஒரு கள்ள வயதால் ஓர் உயிர் போன பிறகு, பொய் சொல்ல வேண்டிய இடங்களின் எண்ணிக்கை கூடியது. ஒவ்வொரு கையொப்பமும் ஒரு வாசல். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கை. இந்தக் கைகளில் வைக்கப்படும் தொகை எந்த அரசின் கட்டணப் பட்டியலிலும் வராது.

*

இரண்டாவது பெண், செலவில்லாமல் போகிறவள். வளைகுடாவுக்குப் போகும் கட்டடத் தொழிலாளி ஏஜெண்டுக்குப் பணம் கட்டிப் போகிறான். பணிப்பெண்ணிடம் பல நேரம் 'உனக்குக் காசே செலவில்லை' என்கிறார்கள். விசா, டிக்கெட், மருத்துவப் பரிசோதனை எல்லாம் அந்த வீட்டுக்காரர் பொறுப்பு. இலங்கையில் முன்பணமும் கையில் கொடுத்து அனுப்புவதுண்டு. ஏழைப் பெண்ணுக்கு இது வாய்ப்பாகத் தெரிவதில் வியப்பில்லை. தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது, முதலாளியே தர வேண்டும் என்பது நம் கோரிக்கையும்தானே? அப்படியிருக்க இதில் என்ன குறை?

குறை, அந்தப் பணம் எதற்காகக் கொடுக்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2022ஆம் ஆண்டு வீட்டுப் பணியாளர் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆள்சேர்ப்பு நிறுவனம் தொழிலாளியிடம் தரகு வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது. நல்ல விதி. அதே ஏற்பாட்டின்படி, முதல் ஆறு மாதத் தகுதிகாண் காலத்துக்குள் அவள் தகுந்த காரணமின்றி விலகினால், முதலாளி கட்டிய ஆள்சேர்ப்புத் தொகையை நிறுவனம் முழுவதும் திருப்பித் தர வேண்டும். அதற்குப் பிறகென்றால் ஒரு பகுதியைத் தர வேண்டும். அல்லது மாற்று ஆள் தர வேண்டும். குளிர்பதனப் பெட்டி வாங்கும்போது தரும் உத்தரவாத அட்டையின் மொழி இது. பணத்தைத் திருப்பித் தராமல் தப்பிக்க அந்த நிறுவனத்துக்கு ஒரே வழி, அவள் அதே வீட்டில் இருப்பதுதான். அவள் அழுதுகொண்டு போன் செய்தால் நிறுவனம் யார் பக்கம் பேசும் என்பதை ஊகிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. திரும்பி வந்த பெண்கள் ஒருவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: 'உன்னைக் காசு குடுத்து எடுத்திருக்கேன்.' வேலைக்கு எடுத்திருக்கேன் என்று அந்த வீட்டம்மா சொல்வதில்லை.

மலையகத் தமிழர்களுக்கு இது பழைய கதை. இலங்கைத் தோட்டங்களுக்குக் கங்காணி ஆள் சேர்த்தபோது பயணச் செலவு முன்பணமாகத்தான் வந்தது. அது கடனாக ஏறியது. ஒரு தோட்டத்திலிருந்து விலக வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவ்வளவு கடனை அடைத்தால் இவர்களை விடுவிப்போம் என்று தோட்டம் எழுதிக் கொடுத்த சீட்டு அது. 1921இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. அப்போதும் பெண்ணின் கூலியை அவள் வீட்டு ஆண் வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஒழியவில்லை. கடனில் அவள் பங்கு இருந்தது. கூலியில் அவள் கையொப்பம் இல்லை. இன்றைய வளைகுடா வீட்டில் துண்டுக்குப் பதில் முதலாளியின் பெயரில் இருக்கும் விசா வேலை செய்கிறது.

ஆகவே கட்டணத்தை யார் கட்டுகிறார்கள் என்ற கேள்வி பாதிதான். கட்டியவருக்கு அதனால் அவள்மேல் என்ன உரிமை வருகிறது என்பது மறுபாதி. தனியார் ஆள்சேர்ப்பு நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்கிறது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1997ஆம் ஆண்டின் 181ஆம் உடன்படிக்கை. அந்தக் கட்டணத்தை வீட்டுப் பணியாளரின் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்கிறது 2011ஆம் ஆண்டின் 189ஆம் உடன்படிக்கை. இரண்டிலும் இந்தியா இணையவில்லை. பிலிப்பைன்ஸ் 2006இலேயே தன் பணிப்பெண்களிடம் ஆள்சேர்ப்புக் கட்டணம் வாங்கக் கூடாது, மாதச் சம்பளம் 400 டாலருக்குக் குறையக் கூடாது என்று முடிவெடுத்தது. அங்கும் பயிற்சிச் செலவு என்ற பெயரில் பணம் வாங்கப்படுவது நிற்கவில்லை. ஆனாலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. அங்கே அந்த வசூல் சட்டத்தின் கண்ணில் குற்றம். பெண்ணின் பயணம் குற்றம் இல்லை.

*

கட்டணச் சலுகையும் இலவசத்தைப் போலவே நிபந்தனையோடு வரலாம் என்பதற்குப் பிரிட்டன் ஒரு பாடம். மருத்துவமனைகளில் வேலை செய்யும் வெளிநாட்டுச் செவிலியர், அதே மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்காக ஆண்டுக்கு 400 பவுண்ட் சுகாதாரக் கூடுதல் கட்டணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொரோனாக் காலத்தில் ஊரே அவர்களுக்குக் கைதட்டியபோது இது உறுத்தியது. 2020இல் விலக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுகாதாரம் மற்றும் பராமரிப்புப் பணியாளருக்கெனக் குறைந்த கட்டணத்தில் தனி விசாவும் வந்தது. 2025 ஏப்ரல் நிலவரப்படி, மூன்று ஆண்டு வரையிலான திறன்மிகு பணியாளர் விசாவுக்கு 769 பவுண்ட், இவர்களுக்கு 304. மற்றவர்கள் ஆண்டுக்கு 1035 பவுண்ட் கட்டும் சுகாதாரக் கூடுதல் கட்டணமும் இவர்களுக்கு இல்லை.

2022 பிப்ரவரியில் முதியோர் பராமரிப்புப் பணியாளரும் இதில் சேர்க்கப்பட்டார்கள். அந்த வேலைக்கு முதலாளி அரசிடம் வாங்க வேண்டிய ஆதரவுச் சான்றிதழின் விலை அப்போது 199 பவுண்ட். அதைக் கட்ட வேண்டியவர் முதலாளி. இங்கே அது லட்சக் கணக்கில் விற்கப்பட்டது. வாங்கிப் போனவர்களில் சிலருக்கு அங்கே வேலையே இல்லை. இந்தச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டக் கூடாது என்று தெளிவான தடை வந்தது 2024இன் கடைசி நாளில்தான். அதற்கு முன்பே, 2024 மார்ச் 11 முதல், பராமரிப்புப் பணியாளர் தன் பிள்ளைகளையோ துணையையோ அழைத்து வர முடியாது என்று விதி மாறியது. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்புப் பணியாளரை எடுக்கும் வழியே மூடப்பட்டது.

முதியவரைக் குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, மலம் துடைப்பது ஆகியவை உலகெங்கும் பெண்ணின் வேலையாகவே கருதப்படுவதால்தான் அதற்குச் சம்பளம் குறைவு. சம்பளம் குறைவு என்பதால் கட்டணத்தில் சலுகை. சலுகையில் வந்தவள் பிள்ளையை விட்டுவிட்டு வர வேண்டும். அவள் பிள்ளையை இங்கே யார் பார்க்கிறார்கள்? அவளுடைய அம்மா, மூத்த மகள், அண்ணி. அந்த வேலைக்குக் கூலியே கிடையாது. பிரிட்டனின் கட்டணப் பட்டியலில் மிச்சமான பவுண்டுகளை நம் கிராமத்து வீடொன்றில் ஒரு கிழவி கட்டிக்கொண்டிருக்கிறாள்.

*

மூன்றாவது பெண், சார்ந்து வாழ்பவள். இவளை மேலே பார்த்த பெண்களோடு ஒரே தட்டில் வைக்க முடியாது. படித்தவள், பெரும்பாலும் நடுத்தர அல்லது மேல்நடுத்தர வகுப்பு, சாதியாலும் பெரும்பாலும் வசதி பெற்றவள். ஆனால் கட்டணப் பட்டியலின் தர்க்கம் அவளிடமும் மாறவில்லை என்பதால் அவளையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

எச்-1பி விசாவில் கணவன் அமெரிக்கா போகிறான்; மனைவிக்கு எச்-4. அந்த விசாவில் வேலை செய்ய முடியாது. 2015 மே முதல், கணவனின் பச்சை அட்டைக்கான நடைமுறை குறிப்பிட்ட கட்டத்தை எட்டியிருந்தால் மட்டும் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். இப்படி விண்ணப்பித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியப் பெண்கள். 2024 ஏப்ரல் முதல் தாளில் விண்ணப்பித்தால் 520 டாலர், இணையத்தில் 470. கணவனுக்கான மனுவின் முக்கியமான கட்டணங்களை முதலாளியே கட்ட வேண்டும் என்று அமெரிக்கச் சட்டம் சொல்கிறது. மனைவியின் வேலை அனுமதிக்கு அப்படி ஒரு விதியும் இல்லை. அவளுடைய உழைப்புக்கான உரிமை குடும்பச் செலவாகிவிடுகிறது. வேலை இல்லாத அவளிடம் அந்தப் பணம் எப்படி இருக்கும்? கணவனிடம் கேட்க வேண்டும். அவன் விண்ணப்பம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் அவனிடம்தான் கேட்க வேண்டும். அடிக்கிற கணவனாக இருந்தால்? வேலை போன கணவனாக இருந்தால்? அவள் படித்த பொறியியல் பட்டம் அவனுடைய கோப்புக்குள் ஒரு துணை ஆவணமாகக் கிடக்கிறது.

காக்கப்பட வேண்டியவளுக்கு அரசு தந்தை. செலவில்லாமல் போகிறவளுக்கு முதலாளி உடைமையாளன். சார்ந்து வாழ்பவளுக்குக் கணவன் கோப்பின் தலைப்பு. மூன்றும் நம் குடும்ப அமைப்பு ஏற்கெனவே அறிந்த உறவுகள். அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குடும்பத்தில் சொல்லாமல் நடப்பதைக் கட்டண எண்ணாகவும் வயது எண்ணாகவும் அது எழுதி வைத்திருக்கிறது. எழுதப்பட்டதால் நாம் வாசிக்கவும் எதிர்க்கவும் முடிகிறது.

'பெண்களுக்கு விசாக் கட்டணத்தை ரத்து செய்க' என்ற கோரிக்கை நல்லதுதான், ஆனால் போதாது. அதோடு கேட்க வேண்டியவை இருக்கின்றன. வயது வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆள்சேர்ப்புச் செலவு முதலாளியுடையது என்று சட்டம் சொல்லட்டும். அந்தச் செலவைக் காட்டி அவளைத் தடுத்து வைக்க முடியாது என்றும் சேர்த்துச் சொல்லட்டும். வேறு முதலாளியிடம் மாற அவளுக்கு உரிமை வேண்டும். சுற்றுலா விசாவில் போய் மாட்டிக்கொண்டவளையும் குற்றவாளியாக அல்லாமல் புகார்தாரராக ஏற்க வேண்டும். ஒவ்வொரு கட்டணமும் எவ்வளவு, யார் கட்ட வேண்டும் என்பது தமிழில், பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இதைப் படிக்கிற மாணவிகளுக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன பெண் ஒருவர் இருப்பார். அவரிடம் போய் உட்காருங்கள். என்ன துன்பப்பட்டீர்கள் என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். அதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். போவதற்கு எவ்வளவு ஆயிற்று, யார் கொடுத்தார்கள், எதை விற்றீர்கள், எதை அடகு வைத்தீர்கள், எதற்கெல்லாம் ரசீது தந்தார்கள், எதற்குத் தரவில்லை, கடன் எப்போது அடைந்தது என்று கேளுங்கள். சொல்லச் சொல்ல ஒரு நோட்டில் எழுதுங்கள். கூட்டிப் பார்த்து அவரிடமே காட்டுங்கள்.